இருபத்தெட்டு நொடியும் ஒரு ஸ்லோ லோக்கலும்

ஜூன் 23, 2025, திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணி ஆட்டம். அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்.பி.ஏ.வின் ஃபைனல்ஸ், இண்டியானா பேசர்ஸும் ஓக்லஹோமா சிட்டி தண்டரும். மும்பை செம்பூரில் நண்பன் வீட்டு ஹாலில் நாங்கள் நாலு பேர். வெளியே மழை. அவன் அம்மா முந்தின இரவே டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டு, "பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கு, சத்தம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போயிருந்தார். சரி சரி என்று எல்லாரும் தலையாட்டியிருந்தோம். முதல் குவார்ட்டரில் (ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடமாக நாலு குவார்ட்டர்) இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும்போது பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பந்தோடு உள்ளே பாயப் போய், கால் வராமல் அப்படியே விழுந்து, தரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார் பாருங்கள், அப்போது நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்தே வந்துவிட்டார். "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்கிறார். இண்டியானா டீமில் ஒரு பையனுக்குக் குதிகால் தசைநார் போச்சு என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கும் பேசர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. 2019 அக்டோபரில் என்.பி.ஏ. முதல்முறையாக இந்தியாவில் ஆட்டம் வைத்தபோது வொர்லி டோம் அரங்குக்கு வந்தவை இரண்டு அணிகள்தான், சாக்ரமெண்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும். சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள்தான், கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மறுநாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு. முதல் ஆட்டம் ஓவர்டைம் போய் 132-131 என்று பேசர்ஸ் ஜெயித்தது, நாங்கள் காசு கொடுத்துப் போன இரண்டாவது ஆட்டம் 130-106 என்று சப்பென்று முடிந்தது. எங்கள் ராசி அப்படி. ஆனாலும் நம்ம ஊருக்கு வந்த டீம் என்று ஒரு பாசம் ஒட்டிக்கொண்டது. ஹாலிபர்ட்டன் அப்போது என்.பி.ஏ.வுக்கே வரவில்லை. 2020-ல் கிங்ஸ் எடுத்தது, 2022 பிப்ரவரியில் பேசர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஆக, மும்பைக்கு வந்த இரண்டு அணிக்கும் ஆடியவர். கிங்ஸின் முதலாளி விவேக் ரணதிவே பிறந்ததே மும்பையில்தான். இதையெல்லாம் கோர்த்து "ஹாலிபர்ட்டன் பாதி பம்பாய்க்காரன்" என்று எங்கள் நாலு பேரில் ஒருவனான முலுண்ட்காரன் நிரூபித்துவிட்டான். கேட்க ஆளில்லாத இடத்தில் எதையும் நிரூபிக்கலாம்.

அன்று ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று ஜெயித்து 3-3. இதை ஜெயிப்பவருக்குக் கோப்பை. தண்டர் 103-91 என்று ஜெயித்தது. அது நடந்து இத்தனை நாளாகியும் எங்கள் சண்டை முடியவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முலுண்ட்காரன் கட்சி: ஹாலிபர்ட்டன் விழுந்த நொடியோடு தொடர் முடிந்தது. அதுவரை ஏழு நிமிடத்தில் ஒன்பது புள்ளி, மூன்று த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியே இருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்). அவன் நின்றிருந்தால் கோப்பை இண்டியானாவுக்கு.

செம்பூர்க்காரன் கட்சி வேறு. ஐந்தாவது ஆட்டத்திலேயே கெண்டைக்காலில் பிடிப்பு இருந்தது, ஊருக்கே தெரியும், அந்தக் காலோடு ஆட விட்டதே தப்பு. 2019-ல் கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுராண்டுக்கு என்ன நடந்தது? அதே கெண்டைக்கால், அதே ஃபைனல்ஸ். ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு டொராண்டோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார், மூன்று த்ரீ போட்டார், மூன்றும் உள்ளே, பன்னிரண்டு நிமிடத்தில் பதினோரு புள்ளி, அப்புறம் அக்கிலிஸ், அதே குதிகால் தசைநார், போனது. "மூணு த்ரீ போட்டா கால் போகும்னு எழுதி வச்சிருக்கான்டா" என்கிறான். ஒருமுறை பார்த்தும் புத்தி வராவிட்டால் எப்படி என்பது அவன் கேள்வி. ஹாலிபர்ட்டனே பின்னால் சொன்னார், மறுபடி வாய்ப்பு வந்தாலும் ஆடத்தான் செய்வேன் என்று. இருபத்தைந்து வயதில் ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம் வாசலில் வந்து நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எங்கள் ஆபீஸ் டீமில் கணுக்கால் வீங்கிக்கொண்டு இறங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், கோப்பை என்று அவர்கள் வாங்குவது ஒரு பிளாஸ்டிக் சாமான்.

இந்த இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கும்போது மாமா வாயே திறக்கவில்லை. மாமா என்றால் செம்பூர்க்காரனின் தாய்மாமன், எங்கள் எல்லாருக்குமே மாமாதான். திருநெல்வேலிக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதில் டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆடியவர். நாக்பாடா கோர்ட்டில் முழங்கை வாங்கிய கதை மட்டும் அவரிடம் முப்பது இருக்கும். பம்பாயில் பாஸ்கெட்பால் என்றால் நாக்பாடா, அதற்கு அடுத்ததுதான் உங்க மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானா என்பார், மாட்டுங்காக்காரனான என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏல, அவன் விழுந்த பொறவு ஹாஃப் டைம்ல ஸ்கோர் என்னல?"

48-47. பேசர்ஸ் முன்னிலை. அவர் இல்லாமலேயே.

"அப்பொ மூணாவது குவார்ட்டர்ல என்ன செஞ்சீங்கன்னு பேசுங்க. அத விட்டுட்டு."

மூன்றாவது குவார்ட்டரில் தண்டர் 34, பேசர்ஸ் 20. ஆட்டம் அங்கேதான் போனது. யாரும் அதை வீடியோ வெட்டிப் போடவில்லை, ஏனென்றால் வெட்ட அதில் ஒன்றும் இல்லை. பந்தை விட்டார்கள், அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், திரும்ப விட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் மெல்ல மெல்ல மூழ்குவதை எப்படிப் பதினைந்து நொடியில் காட்டுவது?

மாமாவின் வழக்கமே இதுதான். நீங்கள் எந்த ஷாட்டைப் பற்றிப் பேசினாலும் "அதுக்கு முந்தி?" என்பார். 1998 ஃபைனல்ஸ், ஆறாவது ஆட்டம், சால்ட் லேக் சிட்டி, சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் யூட்டாவின் பிரயன் ரஸ்ஸலைத் தள்ளினாரா இல்லையா என்று உலகமே இருபத்தேழு வருடமாக அடித்துக்கொள்கிறது. 5.2 நொடி இருக்கும்போது ஷாட், 87-86, கோப்பை. அந்தக் கை ரஸ்ஸலின் இடுப்பில் லேசாகப் பட்டதா, தள்ளியதா? மாமாவுக்கு அது பேச்சே கிடையாது. "ரெண்டாவது குவார்ட்டர்ல ஹோவர்ட் ஐஸ்லி போட்ட மூணு எங்கல போச்சு?" என்பார். எனக்கு முதலில் புரியவில்லை. தேடிப் பார்த்தால் உண்மை. யூட்டாவின் ஐஸ்லி போட்ட த்ரீயை ஷாட் கிளாக் (ஷாட் போடத் தரும் கெடு) முடிந்துவிட்டது என்று ரெஃப்ரி செல்லாது என்றார், ரீப்ளேயில் பார்த்தால் பந்து முன்பே கையை விட்டுப் போயிருக்கிறது. கடைசி குவார்ட்டரில் சிகாகோவின் ரான் ஹார்ப்பர் போட்டது நேரம் கடந்து போனது, அது செல்லும் என்றார்கள். ஒரு புள்ளியில் தீர்ந்த ஆட்டத்தில் இது ஐந்து புள்ளி! அன்றைக்கு ரெஃப்ரி ரீப்ளே பார்க்கிற வசதியே கிடையாது. அது வந்ததே 2002-ல் லேக்கர்ஸ்-கிங்ஸ் ஆட்டத்தில் சமாகி வாக்கர் பாதி மைதானத்திலிருந்து வீசியதை, பஸ்ஸர் அடித்த பிறகு போனதை, செல்லும் என்று கொடுத்து, லேக்கர்ஸ் ஒரே புள்ளியில் ஜெயித்த கூத்துக்குப் பிறகு. அந்த ஆட்டத்தைச் சொன்னால் எல்லாருக்கும் ராபர்ட் ஹோரி கடைசி நொடியில் போட்டதுதான் ஞாபகம் வரும். மாமாவுக்கு வாக்கர்தான் ஞாபகம் வருவார்.

இப்படி ஒரு ஆளோடு உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது சுகமா என்றால் இல்லை. நாம் துள்ளிக் குதிக்கும்போது அவர் துள்ளமாட்டார். ஆனால் ஒரு நோய் மாதிரி அது ஒட்டிக்கொள்ளும். 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முலுண்ட்காரன் லெப்ரான் ஜேம்ஸ் பக்தன், வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் லெப்ரான் படம் வைக்க முயன்று அவன் பாட்டியிடம் திட்டு வாங்கியவன். கோல்டன் ஸ்டேட் அந்த வருடம் 73 ஜெயித்து 9 தோற்ற டீம். ஃபைனல்ஸில் 3-1 என்று முன்னால் இருந்து, லெப்ரானின் கிளீவ்லாந்திடம் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றது. அதுவரை ஃபைனல்ஸில் யாரும் 3-1-லிருந்து மீண்டதில்லை. ஏழாவது ஆட்டம் 89-89-ல் நாலரை நிமிடத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. யாராலும் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. கோல்டன் ஸ்டேட்டின் ஆண்ட்ரே இகுடாலா கூடைக்குக் கிட்டே ஓடி லே-அப் போடப் போக, லெப்ரான் பின்னாலிருந்து ஓடி வந்து பந்தைப் போர்டில் அறைந்தார். அப்புறம் 53 நொடி இருக்கும்போது கிளீவ்லாந்தின் கைரி அர்விங், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கர்ரி முகத்துக்கு நேரே ஒரு த்ரீ. 93-89.

முலுண்ட்காரனுக்கு லெப்ரான் அறைந்த அந்த ப்ளாக்தான் தொடர். செம்பூர்க்காரனுக்கு கைரி ஷாட். "ப்ளாக்னால ஒரு பாயிண்ட் ஏறலையே மச்சான், ஸ்கோர் அப்பவும் 89 தானே?" என்பான். நான் வேறு ஒரு கட்சி வைத்திருந்தேன், ஐந்தாவது ஆட்டத்துக்குக் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன் தடை வாங்கியது. நாலாவது ஆட்டத்தில் லெப்ரானோடு உரசப் போய், ஏற்கெனவே சேர்ந்திருந்த ஃப்ளேக்ரண்ட் (முரட்டு ஃபவுல்) கணக்கு நிறைந்து, 3-1 என்று இருக்கும்போது வீட்டு மைதானத்தில் ஆட முடியாமல் போனார். அந்த ஆட்டத்தில் லெப்ரானும் கைரியும் ஆளுக்கு 41. அதே ஆட்டத்தில் ஆண்ட்ரூ போகட்டின் முழங்காலும் போனது. கதை அங்கேதான் திரும்பியது என்பது என் வாதம், இன்றைக்கும் பாதி அதில்தான் நிற்கிறேன்.

மாமா என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்கலாம். "இகுடாலா ஏம்ல நேரா தூக்கிப் போடல?" பார்த்தால், லெப்ரானுக்கு முன்னால் அவர் டீமின் ஜே.ஆர். ஸ்மித் எழும்பியிருக்கிறார். அவரைத் தவிர்க்க இகுடாலா காற்றிலேயே கையை ஒரு கணம் தாழ்த்திப் பிறகு போட்டார். அந்த ஒரு கணத்தில்தான் லெப்ரான் வந்து சேர்ந்தார். ஸ்மித்துக்கு யாராவது சிலை வைத்தார்களா? இரண்டு வருடம் கழித்து 2018 முதல் ஆட்டத்தில் ஸ்கோர் சமமாக இருக்கும்போது ரீபவுண்டை (விழாமல் திரும்பி வந்த பந்தை) பிடித்துக்கொண்டு கூடைக்குப் போகாமல் வெளியே ஓடிய ஆள் என்றுதான் அவரை எல்லாருக்கும் தெரியும். லெப்ரான் 51 போட்ட நாள் அது, அதையும் ஓவர்டைமில் தோற்றார்கள். முலுண்ட்காரன் முன்னால் இதைப் பேசக்கூடாது, கண் கலங்கிவிடுவான். இன்னொன்றும் உண்டு. கோல்டன் ஸ்டேட்டின் ஹாரிசன் பார்ன்ஸ் 2016-ன் கடைசி மூன்று ஆட்டத்தில் 32 ஷாட் போட்டு 5 உள்ளே. இன்னும் இரண்டு விழுந்திருந்தால் ப்ளாக்கைப் பற்றி யார் பேசுவார்கள்? இதை மாமா சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன், சொன்னபோது அவர் ஒரு தரம் தலையசைத்தார். எனக்கு அது போதும்.

டைம் அவுட் சண்டை தனி. 2019 ஐந்தாவது ஆட்டம், டொராண்டோ, அவர்கள் 3-1 முன்னிலை, ஜெயித்தால் கோப்பை. கவாய் லெனர்ட் நிறுத்த முடியாமல் போட்டுக்கொண்டிருக்கிறார், 103-97, மூன்று நிமிடம் ஐந்து நொடி பாக்கி, கோச் நிக் நர்ஸ் டைம் அவுட் எடுத்தார். அதுவும் அடுத்தடுத்து இரண்டு. ஓடுகிற குதிரையைக் கடிவாளம் போட்டு நிறுத்தினார் என்பான் செம்பூர்க்காரன். அதற்குப் பிறகு கிளே தாம்ப்சன், கர்ரி, மறுபடி கிளே, மூன்று த்ரீ, 106-105 என்று கோல்டன் ஸ்டேட் ஜெயித்தது. நான் நர்ஸ் பக்கம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் இரண்டு டைம் அவுட்டுக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது, எடுக்காவிட்டால் வீணாகப் போகும், பையன்களுக்கு மூச்சு வாங்குகிறது, எடுத்தார். ரேஷன் கார்டில் இந்த மாதச் சர்க்கரையை அடுத்த மாதம் கேட்டால் கொடுப்பார்களா? ஆனால் 2025 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தில் பேசர்ஸ் கோச் ரிக் கார்லைல் நேர் எதிராகச் செய்தார். தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் தவறவிட்டு, பந்து கைக்கு வந்து, பத்துச் சொச்சம் நொடி இருக்கிறது, டைம் அவுட் எடுக்கவில்லை, ஓட விட்டார். 0.3 நொடி இருக்கும்போது ஹாலிபர்ட்டன் ஷாட், 111-110. அந்த ஆட்டம் முழுக்கப் பேசர்ஸ் முன்னால் இருந்தது அந்த 0.3 நொடிதான். அதற்குள் இருபத்தைந்து தரம் பந்தைத் தொலைத்திருந்தார்கள்! விழுந்தால் கோச் ஞானி, விழாவிட்டால் மடையன். செம்பூர்க்காரன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். அவனுக்கு நர்ஸ் மேல் என்ன கோபமோ.

இனி 2013. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆள். டிம் டங்கன் ஆள் என்று சொல்வது இன்னும் சரி. சத்தமில்லாமல் போர்டில் பந்தைத் தட்டிப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிற அந்த மனுஷன் எனக்கு எங்கள் அப்பாவை ஞாபகப்படுத்துவார், காரணம் கேட்காதீர்கள். ஃபைனல்ஸ், எதிரி மயாமி ஹீட் (லெப்ரான் அப்போது அங்கேதான்), எங்களுக்கு 3-2 முன்னிலை, ஆறாவது ஆட்டம் மயாமியில். நம்ம ஊரில் ஜூன் 19, புதன்கிழமை காலை. டங்கன் முதல் பாதியிலேயே 25 புள்ளி. மூன்றாவது குவார்ட்டர் முடிந்தபோது பத்துப் புள்ளி முன்னிலை. நான் ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கால் ஷூவில், ஒரு கால் வெளியே. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு லேட் மார்க், மூன்றாவது விழுந்தால் அரைநாள் சம்பளம் போகும். 28.2 நொடி பாக்கி, எங்கள் மானு ஜினோபிலி இரண்டு ஃப்ரீ த்ரோவில் (யாரும் மறிக்காமல் போடும் ஒற்றைப் புள்ளி ஷாட்) ஒன்று போட்டார். 94-89. ஐந்து புள்ளி. மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள், கோப்பையை மேடைக்குக் கொண்டுவர. மயாமி ரசிகர்களே எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நான் டிவியை அணைத்தேன். "ஜெயிச்சாச்சும்மா" என்று சமையலறைப் பக்கம் கத்திவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல், கரி ரோட்டில் இறங்க வேண்டும். தாதரில் கூட்டம் இறங்கி ஏறி நசுக்கியதில் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கவே முடியவில்லை. பரேல் வந்தபோது எடுத்தேன். முலுண்ட்காரனிடமிருந்து ஒரு மெசேஜ். இரண்டே வார்த்தை. "ரே ஆலன்."

யாருக்கோ அடிபட்டுவிட்டது போல என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. "என்ன?" என்று அனுப்பினேன். "ஓவர்டைம்" என்று பதில். கரி ரோட்டில் இறங்கி, பாலத்துப் படியில் மழையில் நின்றுகொண்டு, அடுத்த மெசேஜுக்காகக் காத்திருந்தேன். 103-100. மயாமி. அன்றைக்கு லேட் மார்க்கும் விழுந்தது.

அதற்கடுத்து ஏழாவது ஆட்டத்தையும் மயாமி 95-88 என்று ஜெயித்தது. கடைசி ஒரு நிமிடத்துக்குள் டங்கன் கூடைக்குக் கீழேயே ஒரு சின்ன ஷாட்டை விட்டார், அதைப் பார்த்தேன். ஆனால் அந்த இருபத்தெட்டு நொடியை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கு அப்புறமும். யார் வீடியோ அனுப்பினாலும் திறக்கமாட்டேன், டிவியில் பழைய ஆட்டங்கள் வரிசையில் அது வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த இருபத்தெட்டு நொடியைப் பற்றி என்னளவுக்குச் சண்டை போட்டவன் இந்த மும்பையில் இருக்கமாட்டான், அத்தனையும் எழுத்தில் படித்ததை வைத்து. பாக்கி இருந்த நொடிகள் 28.2, 20.1, 19.4, 5.2. போன் நம்பர் மாதிரி மனப்பாடம். லெப்ரான் ஒரு த்ரீ விட்டார், பந்து மறுபடி மயாமி கைக்கே வந்தது, லெப்ரான் இன்னொரு த்ரீ, 94-92. அப்போது ஸ்பர்ஸில் இருந்த கவாய் லெனர்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்று போச்சு, ஒன்று விழுந்தது, 95-92. லெப்ரான் மறுபடி விட்டார், கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்தார், மூலையில் ரே ஆலனுக்குக் கொடுத்தார், த்ரீ. 95-95. ஜோர்டனுக்கும் 5.2, ஆலனுக்கும் 5.2.

ஊரே கேட்கும் கேள்வி, கோச் கிரெக் போபோவிச் டங்கனை ஏன் வெளியே உட்கார வைத்தார்? அன்றைக்கு 17 ரீபவுண்ட் எடுத்த ஆள். உள்ளே இருந்திருந்தால் பாஷுக்கு அந்தப் பந்து போயிருக்குமா? செம்பூர்க்காரன் இதைக் கேட்கும்போதெல்லாம் நான் போபோவிச்சுக்காக வக்கீலாக நின்றிருக்கிறேன். மூன்று புள்ளி முன்னிலை, எதிராளிக்குத் த்ரீதான் வேண்டும், அவர்களிடம் தூர நின்று போடக்கூடியவர்கள் இருந்தார்கள், ஓடிப்போய் மறிக்கிற ஆட்கள் வேண்டும், அதனால் உயரத்தை எடுத்துவிட்டு வேகத்தை வைத்தார். அவர் அந்த சீசன் முழுக்கச் செய்ததுதான். சரிதானே? சரிதான். ஆனால் முந்தின முறையும் டங்கன் வெளியே, அப்போதும் மயாமிக்கே ரீபவுண்ட் போனது, ஒரு தரம் சுட்டும் ஏன் மறுபடி அதே அடுப்பில் கையை வைத்தார் என்று கேட்டால் என் வக்கீல் வேலை அங்கே நின்றுவிடும். அதனால் நான் பழியைத் தூக்கிக் கவாய் மேல் போட்டுவிடுவேன். இரண்டும் போட்டிருந்தால் 96-92, ரே ஆலன் த்ரீயும் கதையாகியிருக்காது. அவ்வளவு நல்ல கை உள்ள பையன், ஒன்றை விடலாமா?

இதைக் கேட்டுத்தான் போன ஞாயிறு மாமா எங்களைக் காலனி கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நனைந்த தரை, நூல் பிரிந்த வலை. "ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ. ஒரு பயலும் கத்தப்படாது, சும்மா போடு" என்றார். முலுண்ட்காரன் ஏழு. செம்பூர்க்காரன் ஆறு. நான் நாலு. மாமா கடைசியாக வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தே ஐந்து போட்டார், நாலு விழுந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அந்தக் கவாய்க்கு அன்னைக்கு என்ன வயசுல?"

இருபத்தொன்று. பத்து நாளில் இருபத்திரண்டு ஆகப்போகிறது.

"ஒனக்கு?"

முப்பத்தஞ்சு, என்றேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் திங்கள். அதே மாட்டுங்கா, அதே ஸ்லோ லோக்கல், கம்பெனி வேறு, ஆனால் இறங்குவது இன்றைக்கும் கரி ரோடுதான். அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வீடியோ. இயர்போன் கொண்டுவரவில்லை, சத்தத்தை அடைத்துவிட்டுப் போட்டேன்.

கவாய் முதல் ஃப்ரீ த்ரோவை விடுகிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதைப் போடுகிறார், அப்போதும் அதே முகம். லெப்ரான் விட்ட பந்து மேலே எழும்புகிறது, ஜினோபிலியும் எம்புகிறார், பாஷ் அவருக்கு மேலே. நான் பன்னிரண்டு வருடம் மனதில் ஓட்டிய படத்தில் ரே ஆலன் ஏற்கெனவே மூலையில் நின்று பந்துக்குக் காத்திருந்தார். இல்லை. கூடைக்குக் கிட்டே இருந்திருக்கிறார். பந்து பாஷ் கைக்குப் போகிற அந்த நேரத்தில், கீழே பார்க்காமல், பின்பக்கமாகவே, கட் கட் கட் என்று சின்ன அடி எடுத்து வைத்துக் கோட்டுக்கு வெளியே போகிறார். ஸ்பர்ஸின் டோனி பார்க்கர் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறார். தாமதமில்லை, வந்துவிட்டார், கை முகத்துக்கு எதிரே இருக்கிறது. அப்படியும் போகிறது. அந்தக் காலைப் பார்க்க மறுபடி ஓட்டினேன். கோடு எங்கே இருக்கிறது என்று கால் எப்படிக் கண்டுபிடித்தது? மறுபடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "கவுன் ஜீதா?" என்றார். மயாமி என்றேன். அவர் மறுபடி பேப்பருக்குத் திரும்பிக்கொண்டார். இன்னொரு தரம் ஓட்டினேன், இந்த முறை காலை மட்டும் பார்த்துக்கொண்டு.

நிமிர்ந்தபோது வண்டி சின்ச்போக்லியில் நின்றிருந்தது. கரி ரோடு போய்விட்டிருந்தது. இறங்கி, குடையை விரித்து, திரும்ப நடந்தேன்.